சிக்னலை எடுத்துவிட்டால் சாலை சீராகுமா?

"கரண்ட் போய் சிக்னல் அணைந்து கிடக்கிற நாளில்தான் இந்த நாலு ரோட்டில் வண்டி தேங்காமல் போகிறது." ஆட்டோ ஓட்டுபவர்களிடமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களிடமும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். சிவப்பில் நிற்கிற எரிச்சலில் சொல்வது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதே எண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சிக்னல், பலகை, கோடு எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கழற்றிப் பார்த்த பொறியாளர் ஒருவர் இருந்தார். பல இடங்களில் விபத்து குறைந்தது. வண்டிகளும் முன்பைவிடச் சீக்கிரம் கடந்து போயின. ஆனால் அங்கே அது எதனால் பலித்தது என்று தெரிந்துகொள்ளாமல் சிக்னலை மட்டும் எடுத்தால் அடிபடப் போவது யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்தப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன். நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் சாலைப் பாதுகாப்பைக் கவனித்தவர். 1945-ல் பிறந்து 2008 ஜனவரியில் காலமானார். அவர் வேலைக்கு வந்த காலத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1970-களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன நாட்டில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1971-ல் மட்டும் ஏறக்குறைய 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஒரு மக்கள் இயக்கம் கிளம்பியது. டெல்ஃப்ட் நகரத்தில் குடியிருப்புத் தெருக்களை மாற்றிப் போட்டார்கள். பிளாட்பாரம், தார்ச்சாலை என்ற பிரிவை எடுத்துவிட்டு, தெருவின் நடுவே மரமும் வளைவும் வைத்து, வண்டி நடைவேகத்தில்தான் ஊர்ந்து போக முடியும் என்று ஆக்கினார்கள். 1976-ல் இத்தகைய தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது.

மாண்டர்மன் இந்த எண்ணத்தைக் குடியிருப்புத் தெருவிலிருந்து ஊரின் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தார். 1980-களில் அவுடஹாஸ்க என்ற கிராமத்தில் வண்டிகள் பறப்பதாகப் புகார். வழக்கமாக இதற்கு வேகத்தடை போடுவார்கள், இன்னும் இரண்டு எச்சரிக்கைப் பலகை நடுவார்கள். அவர் செய்தது நேர்மாறு. இருந்த பலகைகளையும் தடுப்புகளையும் எடுத்து, சாலையின் ஓரக்கல்லைத் தாழ்த்தி, தார் இருந்த இடத்தில் செங்கல் பாவி, பார்க்கிறவனுக்கு "இது ஊர்" என்று தோன்றும்படி செய்துவிட்டார். மணிக்கு 57 கிலோமீட்டராக இருந்த வேகம் 30-க்கும் கீழே வந்தது. ஒரு வேகத்தடைகூட இல்லாமல் இப்படி இறங்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் பெயரை உலகத்துக்குத் தெரியவைத்தது டிராக்டன். சுமார் 45,000 பேர் வாழும் ஊர். அங்கே லாவைப்ளைன் என்ற சந்திப்பில் ஒரு நாளைக்கு 22,000 வண்டிகள் போகின்றன. சைக்கிளும் நடப்பவர்களும் தனி. முன்பு சிக்னல் இருந்த இடம். 2000-களின் தொடக்கத்தில் சிக்னலைக் கழற்றிவிட்டு, நடுவில் புல்வட்டம் வைத்து, சுற்றிலும் திறந்த சதுக்கம் மாதிரி அமைத்தார்கள். ஓரத்தில் நீரூற்றுகள். வண்டி அதிகமாகப் போகப்போக அவற்றின் தண்ணீர் இன்னும் உயரமாக எழும்பும். கார்க்காரர் சந்திப்பை நெருங்கும்போது அவருக்கு உத்தரவு போட விளக்கு கிடையாது. இடப்பக்கம் ஒரு சைக்கிள், எதிரே ஒரு பஸ், ஓரத்தில் ஸ்ட்ரோலரோடு ஒரு தாய். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழுகிறது. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், யாரோ ஒருவர் தலையசைக்கிறார், எல்லோரும் நகர்கிறார்கள். யாரும் வேகமாகப் போவதில்லை. அதிக நேரம் நிற்பதும் இல்லை. மாற்றத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அங்கே 36 விபத்து. மாற்றிய பிறகு 2004, 2005 இரண்டு ஆண்டும் சேர்த்து 2. பார்க்க வரும் பத்திரிகையாளர்களிடம் பேசிக்கொண்டே மாண்டர்மன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து சாலையில் இறங்கிக் காட்டுவார். வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும்.

இது ஏன் வேலை செய்கிறது? பச்சை விழுந்தால் நாம் விளக்கைத்தான் பார்க்கிறோம், மனிதரைப் பார்ப்பதில்லை. "எனக்கு வழி இருக்கிறது" என்ற தைரியத்தில் வேகம் ஏறுகிறது. மஞ்சள் விழும்போது பாதிப் பேர் பிரேக் பிடிக்கிறார்கள், பாதிப் பேர் முறுக்குகிறார்கள். நம் ஊரில் வினாடி காட்டும் சிக்னலில் சிவப்பு மூன்று, இரண்டு என்று இறங்கும்போதே முன்வரிசை பைக்குகள் கோட்டைத் தாண்டி உறுமுவதைத் தினமும் பார்க்கலாம். விளக்கு பார்த்துக்கொள்ளும் என்று ஆனதும் நம் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர் தானாகவே நிதானமாகிறார்.

இதற்கு ஒரு நாடே சாட்சி. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் முழுவதும் இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ரத்த ஆறு ஓடும் என்று பயந்தார்கள். நடந்தது வேறு. எல்லோரும் பதற்றத்தோடு கவனமாக ஓட்டியதால் விபத்துகள் குறைந்தன. ஆனால் பழகப்பழக கவனம் போய்விட்டது. ஓரிரு ஆண்டுகளில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். குழப்பத்தால் வருகிற கவனம் பழக்கத்தில் கரைந்துவிடும். சாலையின் வடிவமே வேகத்தைப் பிடித்து வைத்தால்தான் பலன் நிலைக்கும்.

வேகம் என்பதுதான் இங்கே எல்லாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் பிழைப்பதற்குப் பத்தில் ஒன்பது வாய்ப்பு உண்டு. 50-க்கு மேல் போனால் அந்த வாய்ப்பு சரசரவென்று சரிகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவதுதான் காரணம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்து 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 30-க்குள் இருந்தால்தான் ஓட்டுகிறவர் முகத்தை நடப்பவரும், நடப்பவர் முகத்தை ஓட்டுகிறவரும் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியும். அதைத் தாண்டிவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது முகமா வெறும் நிழலா என்று தெரியாது. அங்கே "கண்ணால் பேசிக்கொள்வார்கள்" என்பதெல்லாம் நடக்காத காரியம். மாண்டர்மனுக்கு இது நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையில் பலகையும் கோடும் கண்டிப்பாக வேண்டும், அது வண்டிகளின் உலகம். ஊருக்குள் நுழைந்தால் மனிதர்களின் உலகம், இரண்டுக்கும் ஒரே விதி ஆகாது என்றுதான் அவர் சொல்லிவந்தார். அவரைப் பற்றிய செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது. டிராக்டனில் விளக்கு போனது, விதி போகவில்லை. லாவைப்ளைனில் இருப்பது ஒரு ரவுண்டானா. அதற்குள் சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் வழி என்ற விதி இருக்கிறது. குறியீடு எதுவும் இல்லாத சாதாரணச் சந்திப்பிலும் வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த நாட்டில் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே மனதில் ஏற்றப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: காரும் சைக்கிளும், அல்லது காரும் நடப்பவரும் மோதினால், நஷ்டஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் கார்க்காரர் தலையில். அடிபட்டது 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்றால், குழந்தையே குறுக்கே ஓடிவந்திருந்தாலும் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் அவருடையதுதான். கார்க்காரர் அங்கே விட்டுக்கொடுப்பதற்குப் பின்னால் நல்ல மனசு மட்டும் இல்லை, இந்தச் சட்டமும் நிற்கிறது. பலகையைக் கழற்றியதைப் படம் எடுத்து வந்தவர்கள் இந்தச் சட்டத்தைப் படம் எடுக்க முடியவில்லை.

சரி, போக்குவரத்து வேகமாகக் கடந்தது எப்படி? சிக்னல் எப்படி நேரத்தைத் தின்கிறது என்று பார்த்தால் புரியும். ஒரு பக்கம் பச்சை முடிந்து மறுபக்கம் பச்சை விழும் இடைவெளியில், மஞ்சள், எல்லாப் பக்கமும் சிவப்பு, முதல் வண்டி கிளம்ப ஆகும் தாமதம் என்று மூன்று நான்கு வினாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது. நான்கு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பச்சை விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கால் நிமிடம் வீண். அதோடு, எதிரே ஆளே இல்லாத சாலையைப் பார்த்துக்கொண்டு சிவப்பில் நிற்கும் நேரமும் சேரும். வண்டி குறைவாக வரும் சந்திப்பில் சிக்னல் என்பது தாமதத்தை உண்டாக்கும் பொருள்தான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1978-க்கும் 1992-க்கும் இடையே 199 சிக்னல்களை எடுத்தார்கள். அவை ஒருவழிச் சாலைகள் சந்திக்கும் சின்னச் சந்திப்புகள். பிறகு ஆராய்ந்ததில் விபத்து 24 சதவீதம் குறைந்திருந்தது. சும்மா எடுத்துவிட்டுப் போய்விடவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்து வருபவரும் நின்று பார்த்துத்தான் போக வேண்டும் என்ற பலகையை அங்கே வைத்தார்கள். இங்கிலாந்தின் போர்டிஸ்ஹெட் ஊரில் 2009-ல் ஒரு சந்திப்பின் சிக்னலைச் சோதனைக்காக அணைத்தார்கள். வரிசை குறைந்தது, அப்படியே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் அலெக்சாண்டர்ப்ளைன் என்ற இடத்தில் டிராம், கார், சைக்கிள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். 2016-ல் அங்கேயும் அணைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் பலித்தது.

ரவுண்டானாவின் கணக்கு இன்னும் தெளிவு. நான்கு சாலை சேரும் சாதாரணச் சந்திப்பில் ஒரு வண்டியின் பாதை இன்னொன்றோடு மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரே ஒரு தடம் மட்டும் உள்ள ரவுண்டானாவில் 8. எதிரும் புதிருமாக மோதும் வாய்ப்பு இல்லை, நேரே பக்கவாட்டில் இடிக்கும் வாய்ப்பும் இல்லை. வட்டத்தில் வளைந்துதான் நுழைய வேண்டும் என்பதால் வேகமும் இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் கார்மெல் என்ற ஊர் 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களைக் கட்டி, சிக்னல்களைக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தடம் உள்ள ரவுண்டானா நாளொன்றுக்கு 20,000 முதல் 25,000 வண்டி வரை தாங்கும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. லாவைப்ளைனின் 22,000 அதற்குள் அடங்குகிறது. அதைவிடப் பல மடங்கு வண்டி வந்தால், உள்ளே நுழைந்தவர் வெளியே போக முடியாமலும், வெளியே நிற்பவர் உள்ளே வர முடியாமலும் வட்டமே பூட்டிக்கொள்ளும். கரண்ட் போன நாளில் காலை பத்தரை மணிக்கு நன்றாகப் போன அதே நாலு ரோடு, மாலை ஆறரைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்பது இதனால்தான். அப்போது ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நடுவில் இறங்கிக் கையால் செய்வதும் சிக்னல் வேலையேதான்.

இந்த முயற்சிகளுக்கு விழுந்த பெரிய அடி இங்கிலாந்தில் விழுந்தது. அங்கே மாண்டர்மனின் எண்ணத்தை அழகுபடுத்தும் திட்டமாக எடுத்துக்கொண்டு போனார்கள். லண்டனில் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கும் எக்ஸிபிஷன் ரோட்டை 2011-ல் புதுப்பித்தபோது, பிளாட்பாரத்தின் ஓரக்கல்லை எடுத்துச் சாலை முழுவதையும் ஒரே மட்டத்தில் கல் பாவினார்கள். பார்க்கக் கண்கொள்ளாத அழகு. ஆனால் பார்வையற்றவர் ஒருவர் அங்கே எப்படி நடப்பார்? அவருடைய கைத்தடிக்கு ஓரக்கல்தான் வழிகாட்டி. "இதற்கு மேல் வண்டி வரும்" என்று அவருக்குச் சொல்வது அந்தச் சில அங்குல உயர வித்தியாசம் மட்டுமே. வழிகாட்டும் நாய்க்கும் ஓரக்கல் வந்தால் நிற்கத்தான் பயிற்சி. 60 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் பார்வையற்றவர்களால் ஓரக்கல்லை உறுதியாக உணர முடிகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் சோதனை காட்டியது. ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்து விட்டுக்கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர் என்றால், கண் இல்லாதவர் முதல் அடியிலேயே வெளியே தள்ளப்பட்டுவிடுகிறார். காது கேளாதவர், தயங்கித் தயங்கி நடக்கும் முதியவர், சட்டென்று முடிவெடுக்க முடியாத சிறு பிள்ளை எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே கதி.

ஆஷ்ஃபோர்டு என்ற ஊரில் இப்படி மாற்றியமைத்த சதுக்கத்தில் ஆய்வாளர்கள் ஆட்களைக் கவனித்தார்கள். நடப்பவர்களில் பெரும்பாலோர் தாங்கள் போக நினைத்த நேர்வழியை விட்டு ஒதுங்கிச் சுற்றிப் போனார்கள்; கார்தான் முதலில் போயிற்று. பழைய அமைப்பே பாதுகாப்பாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள். இப்படிப்பட்ட இடத்தில் விபத்து எண்ணிக்கை குறைந்தால் அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்து ஒதுங்கிப்போனவர், அந்தப் பக்கமே வராமல் நின்றுவிட்டவர் விபத்துப் பதிவேட்டில் வரவே மாட்டார். பார்வையற்றோர் அமைப்புகள் விடாமல் போராடி, 2018-ல் பிரிட்டிஷ் அரசு, பரபரப்பான தெருக்களில் ஓரக்கல்லை எடுத்து ஒரே மட்டமாக்கும் புதுத் திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது.

இனி நம் ஊருக்கு வருவோம். "நம் சாலையில் ஏற்கெனவே விதியே இல்லையே, மாண்டர்மன் சொன்னது இங்கே எப்போதோ நடந்துகொண்டிருக்கிறதே" என்று பலர் சொல்வதுண்டு. ஓரளவு நியாயம் இருக்கிறது. மதுரை மாசி வீதிகளில் தீபாவளிக்கு முந்தைய வாரம் போய்ப் பாருங்கள். பைக், தள்ளுவண்டி, ஆட்டோ, துணிப்பையோடு குடும்பங்கள், எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து நகரும். பெரிதாக யாருக்கும் அடிபடாது. காரணம், அங்கே யாராலும் நடைவேகத்துக்கு மேல் போக முடியாது. அதே மனிதர்கள் ஆறுவழிச் சாலைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே இறங்கும் நம் ஊர்ப் பழக்கமும் ஒருவகையில் கண்ணால் பேசுவதுதான். 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கைக்கு மதிப்பு உண்டு. 60-ல் வருபவர் ஹாரனை அழுத்துவார், அவ்வளவுதான். அங்கே வழி யாருக்கு என்பதை வண்டியின் எடை முடிவு செய்கிறது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்துபோனவர்கள் 32,825; இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884. நாடு முழுக்க இறப்புகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகம்தான் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. பத்தில் ஆறு தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் நடந்தவை என்பதால் இவற்றை ஊருக்குள் இருக்கும் சிக்னலோடு நேராக முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் நம் நெடுஞ்சாலைகளில் பல ஊர்களின் நடுவேதான் போகின்றன என்பதும் நமக்குத் தெரியும்.

சிக்னலைக் குறைக்கும் சோதனை தமிழ்நாட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் சில ஆண்டுகளுக்கு முன் லாலி ரோடு சந்திப்பில் சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா வந்தது. அவிநாசி சாலை, திருச்சி சாலை போன்றவற்றில் பல சந்திப்புகளை மூடி, கொஞ்ச தூரம் போய் யூ டர்ன் போட்டுத் திரும்புகிற மாதிரி மாற்றினார்கள். சென்னையிலும் இதே வழியைப் பல இடங்களில் பார்க்கிறோம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நிம்மதி, நிற்காமல் போகலாம். டிராக்டனும் கோவையும் பிரிவது இந்த இடத்தில்தான். டிராக்டனில் விளக்கை எடுத்தது வண்டி மெதுவாகப் போவதற்கு. யூ டர்ன் முறையில் விளக்கை எடுப்பது வண்டி நிற்காமல் போவதற்கு. இரண்டையும் "சிக்னல் இல்லாத சாலை" என்ற ஒரே பெயரில் பேசினால் நடப்பவருக்கு என்ன ஆயிற்று என்பது மறைந்துவிடும்.

ஒருபக்கம் பஸ் ஸ்டாப், எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி இருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இருந்தபோது, சிவப்பு விழும் அந்த நாற்பது வினாடியில் கையில் ஸ்கேன் கவரோடு ஒரு பாட்டி கடந்து போய்விடுவார். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் இடைவெளி நிச்சயம் உண்டு. இப்போது நடுவே சிமெண்ட் தடுப்பு. வண்டிகள் விடாமல் வருகின்றன. தடுப்பில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தால் அதில் நின்று, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த பாதியைக் கடக்கக் காத்திருக்கிறார். சந்து இல்லாவிட்டால், தடுப்பை ஏறிக் குதிக்கத் தெம்பு இருப்பவர் குதிக்கிறார், இல்லாதவர் ஆட்டோ பிடித்து யூ டர்ன் போட்டு எதிர்ப்பக்கம் வருகிறார். சாலையைக் கடக்க ஆட்டோ! கார்க்காரருக்கு மிச்சமான இரண்டு நிமிடத்தை இந்தப் பாட்டி தன் கணக்கிலிருந்து கொடுக்கிறார்.

சிக்னல் கட்டாயம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சின்னச் சந்திப்புகளில், முக்கியமாக நகர்ப்புற வார்டுகளுக்குள், சிறிய ரவுண்டானா நம் ஊரிலும் நன்றாகப் பலிக்கும். ஆனால் நடுவில் நான்கு பேரிகார்டைப் போட்டு வட்டம் கட்டினால் ஆயிற்றா? நுழையும் இடத்தைக் குறுக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழையும்படி. ஒவ்வொரு கிளையிலும் ஜீப்ரா கிராசிங்கை வேகத்தடை மாதிரி மேடாக்க வேண்டும்; அப்போது கார்தான் ஏறி இறங்கும், நடப்பவர் சமமாக நடந்து போவார். நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும், கைத்தடிக்குத் தட்டுப்படும் புடைப்பு ஓடு வேண்டும். ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முதல் வழி என்று 2017-ல் வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகளிலேயே இருக்கிறது. உரிமத் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அகலமான மெயின் ரோட்டில், நாளெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் கடக்கும் இடங்களில், நடப்பவர் பொத்தானை அழுத்திச் சிவப்பை வரவழைக்கும் சிக்னலாவது இருக்கத்தான் வேண்டும். நடைமேம்பாலம் இதற்கு மாற்று ஆகாது. முழங்கால் வலியோடு அந்தப் படியை ஏறுவதற்குப் பதில் வண்டிகளுக்கு நடுவே இறங்குவதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு சந்திப்பை மூடும்போது வண்டிக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்ற கணக்குத்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. அதே இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்க முன்பு எவ்வளவு நேரம் ஆயிற்று, இப்போது எவ்வளவு ஆகிறது, எத்தனை பேர் கடக்காமலே திரும்பிப் போகிறார்கள், வண்டிகளின் வேகம் கூடியதா குறைந்ததா என்பதையும் எண்ண வேண்டும். ஒரு ஸ்டாப்வாட்சும் இரண்டு ஆட்களும் இருந்தால் கல்லூரி மாணவர்களே ஒரு வாரத்தில் எடுத்துவிடக்கூடிய கணக்கு இது. போக்குவரத்துக் காவல் துறையும் மாநகராட்சியும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சந்திப்பில் யூ டர்ன் இருக்கலாம், எங்கே மேடான கிராசிங் போதும், எந்த இடத்தில் சிவப்பு விளக்கை மறுபடி ஏற்ற வேண்டும் என்று சந்திப்பு சந்திப்பாக முடிவெடுக்கலாம்.